பதினெட்டாவது வளைவு

முதலில் காட்டிக்கொடுத்தது கண்ணல்ல, கூடை.
தை மாதம். வாழவந்தி பக்கம் ஒரு எஸ்டேட்.
எடை போடும் இடத்தில் மேஸ்திரி கூடையைக் கவிழ்த்து
"பழம் பறிக்கச் சொன்னா பாதி காயா இருக்கே" என்றான்.
ஜெபமாலை குனிந்து பார்த்தாள்.
எல்லாம் ஒரே மாதிரி இருந்தது,
சாயம் போன சேலை மாதிரி.
அன்றைய கூலியில் நாற்பது ரூபாய் பிடித்தார்கள்.

இது எதுவும் என் படிவத்தில் இல்லை.
அதில் இருப்பது: வயது முப்பத்துநாலு.
இடது கண், ஐந்து வாரம் கழித்து வலது.
முதுகுத்தண்டில் மூன்று எலும்பு நீளத்துக்கு வீக்கம்.
நரம்பின் மேலுறை உரிந்திருக்கிறது.
நான் டாக்டரில்லை. ஆய்வுக்கு ரத்தம் எடுத்து
ஐஸ் பெட்டியில் சுமப்பவள்.

சேலத்தில் ஸ்கேன். சித்திரை வெயில்.
திரையில் சாம்பல் தண்டுக்குள் வெள்ளையாய் ஒரு திட்டு.
ரயிலில் வரும்போது தெரியுமே,
மேக்னசைட் தோண்டிய மேடு, அந்த வெள்ளை.
டாக்டர் ஹசீனா சொன்னார்:
"வேலியே பயிரை மேயுதும்மா."
ஜெபமாலை கொஞ்ச நேரம் பேசவில்லை.
"வேணும்னு மேயலை டாக்டர். அதுக்கும்
கண்ணு தெரியலை போல.
எது களை, எது பயிருன்னு."
டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.
எங்கள் மூன்று வருட ஆய்வும்
அந்த இடத்தில்தான் நிற்கிறது.

வெளியே வந்ததும் அவளுக்கு ஊரே புகை.
உடம்பு சூடேறினால் உரிந்த நரம்பில் சேதி நடக்காது.
அஞ்சு ரோட்டில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு
சிக்னல் என்ன நிறம் என்று கேட்டாள்.

மலைப் பஸ்ஸில் ஜன்னலோரம் கொடுத்தேன்.
காலி ட்யூப் ஒன்றின் சிவப்பு மூடியைக்
கையில் வைத்துக்கொண்டாள்.
அடிவாரத்தில், "ம்ஹூம்."
ஆறாவது வளைவில்,
"கஞ்சில ஊறுகாய் கரைஞ்ச மாதிரி."
காற்று மாறியது. யாரோ பலாப்பழம் ஏற்றினார்கள்.
பன்னிரண்டில், "செங்கல்."
பதினைந்தில் முன் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது,
மூடியை இருவருமே மறந்துபோனோம்.
பதினெட்டில் அதைக் கண்ணருகே கொண்டுபோய்
"பழம்" என்றாள்.

படிவத்தில் கொண்டை ஊசி வளைவுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: 18.

மேலே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தேன்.
ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் வேண்டும்.
வருவதாகச் சொன்னவர் வரவில்லை.
நர்ஸிடம் என் கையை நீட்டினேன்.

இரண்டு ட்யூபையும் அவள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி
ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"இதுல எது என்னுது?"

ஒட்டியிருந்த எண்ணைப் பார்க்காமல்
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.