எழுபத்திரண்டில் ஒன்று

பகலெல்லாம் பல் செய்கிறேன்,
வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு வீடு தள்ளி.
இரவில் அதே சின்ன அரத்தால், அதே மெழுகுக் கத்தியால்
விமானம்.

கீழ்ப்பல் வரிசைக்கு அளவு கொடுக்க வந்த திலகசேன
அலுமாரிக்கு மேல் நின்ற ஹரிக்கேனைக் கண்டார்.
நாற்பத்திரண்டில் ரேஸ்கோர்ஸிலிருந்து எழும்பிய வகை.
வாயில் களிம்பை வைத்துக்கொண்டு
கையால் கேட்டார்: நீயா?

பல்லை எடுக்க வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார்.
கிபிர்.
எண்பத்தாறு துண்டு.
மூக்கிலிருந்து வால்வரை ஒரு சாண்.
கட்டுநாயக்கவில் பன்னிரண்டு வருடம்
இதன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவராம்.
காசு எவ்வளவென்றாலும் தருகிறேன், ஆனால்
புதுசாக இருக்கக் கூடாது என்றார்.

நவம்பர் மழை. எதுவும் காயவில்லை.
மேசைவிளக்குக்குக் கீழே மூன்று நாள் கிடந்தது.
பிறகு சமையலறை உப்பை ஈரத்தில் தூவி
மேலே நிறத்தை விசிறி
பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன்.
உப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளியாய்த் திறந்தது.

சனிக்கிழமைகளில் வந்து பக்கத்தில் இருப்பார்.
இங்கே ஏணி சாத்துவோம், பெயின்ட் நிற்காது.
இந்த மூடியடியில் எண்ணெய் கசியும்,
வலப்பக்கம் மட்டும், ஏனென்று கடைசிவரை பிடிபடவில்லை.
துரு வைக்காதே, இது அலுமினியம்.
துருவுக்கு என் யன்னல் கம்பி இருந்தது.
கடற்காற்று அதைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டது.

அடிப்பக்கம் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வராத ஒரு கிழமை
வழிகாட்டித் தாளைப் புரட்டாமலே அதைச் செய்தேன்.
வெளிர்சாம்பல். வயிற்றின் நடுவே நீளமாய் ஒரு கரி.
இறக்கை வேரில் பழுப்பு.
ஒட்டுசுட்டானில், பங்கர் வாயில் மல்லாந்து கிடந்த பையனுக்கு
அவ்வளவு உயரத்தில் அழுக்கெல்லாம் தெரிந்திருக்காது.
தெரிந்தது ஒரு முக்கோணம்,
சரியும்போது ஒரு மினுக்கம்.
சத்தம் பிறகுதான் வரும்.
எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் கை நிற்கவில்லை.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அச்சு அசல். இது எப்படித் தெரியும்?
படம் பார்த்தேன்.
எந்தப் படம்?
மாத்தறை ரயில் வந்தது.
கோப்பைகள் நடுங்கின. அது போய் முடியும்வரை
இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.
பிறகு அவர் கேட்கவில்லை.

பறக்கிற மாதிரி வேணுமா, நிற்கிற மாதிரியா?
நிற்கட்டும்.
எழும்பிப் போனால் அது எங்களுடையதில்லை, தம்பி.
திரும்பி வரும்வரை தேத்தண்ணீர் குடிப்போம்.

ஒரு கோப்பையா, இரண்டா
என்று கேட்க வாய் வந்தது.
பசைப்போத்தலைத் திறந்தேன்.

மூன்று கால். மெலிசு, கொக்கின் கால்போல.
சில்லுகள் மிளகளவு.
நிமிர்த்தி மேசையில் வைத்ததும்
சற்று மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது.
அதற்குக் கால் இருக்கும் என்று
நான் ஒருநாளும் நினைத்ததில்லை.
குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்து,
கனநேரம் பார்த்தேன்.
அவரும் பார்த்தார், மேலேயிருந்து.

கேக் பெட்டியில் பஞ்சு வைத்துக் கொடுத்தேன்.
நூறாம் இலக்க பஸ்ஸில்
நின்றுகொண்டே போனார், பெட்டியை
நெஞ்சோடு அணைத்தபடி.
நான் கட்டிய பல் வெளியே தெரியச் சிரித்தார்.

குண்டுகள் வேண்டாம் என்றிருந்தார்.
அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தாறு வரை,
சட்டகத்திலிருந்து வெட்டாமல் இழுப்பறையில் கிடக்கின்றன,
காசு கட்டாதவர்களின் பல்வரிசைகளோடு.
ஒவ்வொன்றும்
வேரோடு பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் நீளம்.
மெழுகும் அதே இழுப்பறையில்தான்.
காலையில் முதல் அதைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.