கீழ் வரி

கணபதியில் மூன்றாவது குறுக்குச் சந்து,
பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடையும் பட்டறை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்
திருமூர்த்தி கேட்ட முதல் கேள்வி:
"எவ்வளவுங் ஆகும்?"
இரண்டாவது கேள்வியும் அதுதான்.

மிஷின் ஜப்பானில் பிறந்தது.
பெங்களூரில் ஒரு கை, ஓசூரில் ஒரு கை,
இங்கே மூன்றாம் கை.
இரும்புக்கு ஒன்றுமில்லை, இன்னமும்
முடியில் பாதிக் கனம் சீவித் தரும்.
கண்தான் போச்சு.
ஒன்பதங்குலக் கண்ணாடிக் குடுவை, பச்சை எழுத்து.
காலையில் சூடேறக் கால்மணி நேரம்,
மத்தியானத்துக்கு மேல் வெறும் பாசி.

தெய்வாத்தாள் அதை எட்டு வருஷமாய்ப் படிக்கிறாள்.
படிக்கிறாள் என்றா சொன்னேன்?
கழுத்தை இடப்பக்கம் சாய்த்து
உள்ளங்கையால் ட்யூப்லைட்டை மறைத்து,
எட்டா மூன்றா என்று தெரியாத இடத்தில்
உளி உரசும் சத்தம் கேட்டு
எட்டு என்று முடிவுகட்டுவாள்.
தப்பியது இரண்டே தடவை.
இரண்டு ஷாஃப்ட்டும் சாமி படத்தடியில் நிற்கின்றன,
ஒன்றன் நடுத்துளையில் ஊதுபத்தி.

மெயினை இறக்கிப் பின்மூடி கழற்றினேன்.
எண்ணெயும் தூசியும் சேர்ந்து கம்பளி நெய்திருந்தன.
அணைத்த பின்னும் குடுவைக்குள் மின்சாரம் குடியிருக்கும்.
ஸ்க்ரூடிரைவருக்கு ஒயர் கட்டி
ரப்பர் தொப்பிக்கடியில் நுழைத்ததும்
பட்டென்று ஒரு சொடுக்கு.
"செத்துருச்சுங்களா?"
"இப்பத்தான்."

பழைய மிஷின் பேசும் வேகம் வேறு,
புதுத் திரை கேட்கும் வேகம் வேறு.
நடுவில் தீப்பெட்டி அகலத்தில் ஓர் அட்டையை வைத்து
நாலு திருகாணி, இரண்டு வாஷர்,
சந்துக்குத் தெர்மாகோல் துண்டு.
மெயினைத் தூக்கினேன்.

வெள்ளை வெளேரென்று எண்கள் வந்து நின்றன.
தெய்வாத்தாள் ஓரடி பின்னால் போனாள்.
"அட, புள்ளி கூடத் தெரியுதுங்."
இத்தனை நாள் தசமப் புள்ளியை
அவளேதான் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அந்தக் கீழ் வரி.
குடுவையில் படம் சரிந்து
சட்டத்துக்கடியில் எப்போதோ இறங்கிப்போன வரி.
அதில் மணி ஓடியது, பக்கத்தில்
மூன்று எழுத்து மின்னி மின்னி அணைந்தது:
பி, ஏ, டி.

"வவ்வாலுங்" என்றாள் தெய்வாத்தாள்,
"எங்க பையன் புஸ்தகத்துல படம் போட்டிருக்குது."

எனக்குக் கை சில்லிட்டது.
பேட்டரி.
மிஷின் தன்னை யாரென்று நினைவு வைத்திருப்பது
மூன்று செல்லின் தயவில்.
அது தீர்ந்த பின் கரண்ட் போனால்
எண்கள் அத்தனையும் அழியும்,
எந்த நோட்டிலும் எழுதி வைக்காத எண்கள்.
நின்றிருப்பது நாலு டன் எடை.
எத்தனை வருஷமாய்க் கூப்பிட்டதோ!
தினம் ராத்திரி சுவிட்சை இறக்கிவிட்டுப்
பூட்டிப் போயிருக்கிறார்கள்.
இன்றைக்கு ஒரு மணி நேரம்
நானே அணைத்து வைத்திருந்தேன்.

"ஓடும்போதே மாத்தோணுங். டார்ச் செல்தான், பெரிய சைஸ், மூணு."

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று
ஷட்டரை உலுக்கியது.
மழைக் காற்று. முதல் தூறலுக்கே
இந்தச் சந்தில் கரண்ட் போகும்.
திருமூர்த்தி செருப்பில்லாமல் வண்டியை மிதித்தார்.
இப்போதெல்லாம் யார் வாங்குகிறார்கள் டார்ச் செல்!
நாலு மளிகைக் கடை ஏறி இறங்கி
இரண்டோடு வந்தார்.
மூன்றாவதைப் பக்கத்துப் பவுண்டரி வாட்ச்மேன்
அங்கண்ணனின் டார்ச்சிலிருந்து உருவினோம்.

மூடியைத் திருகியதும்
மூன்றெழுத்து காணாமல் போனது.
யாரும் எதுவும் பேசவில்லை.
திருமூர்த்தி மட்டும் என் பில்லில்
இரண்டு செல்லுக்கான காசைக் கழித்தார்.

தெய்வாத்தாள் அடுத்த ஷாஃப்ட்டை மாட்டினாள்.
பளிச்சென்ற திரை முன்னால்
கழுத்து தானாக இடப்பக்கம் சாய்ந்தது,
கை உயர்ந்து வெளிச்சத்தை மறைத்தது.

செத்த குடுவையை மொபெட்டில் கட்டினேன்.
கண்ணாடியில் எக்ஸும் இஸட்டும்
சுட்ட தழும்பாய் அப்படியே.
கரண்ட் போயிற்று.

வாசலில் அங்கண்ணன்,
காலி டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டு:
"ராத்திரிக்கு நான் என்னத்தைங் அடிக்கறது?"