நடு நரம்பு நின்ற இடம்

தொரப்பாடி மெஸ்ஸில்
இட்லியை ஓரமாய்த் தள்ளிவிட்டு
இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் தௌலத்.
ஈர்க்கு குத்தித் தைத்த மந்தாரை.
ஜவ்வாது மலையிலிருந்து கட்டுக்கட்டாய் இறங்கி
சாம்பாரில் ஊறிச் சாகிற இலை.
"இது ஒத்தையா, ரெட்டையா, சொல்லு."
எனக்கு எட்டரைக்கு டியூட்டி.

என் வேலை வெட்டுவது.
மெழுகுக்குள் புதைந்து வரும் கட்டிகளை
நாலு மைக்ரான் தடிமனில் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டு
கண்ணாடியில் ஏந்துவது.
பெயர் பார்ப்பதில்லை, நம்பர் மட்டும்.
ஒருமுறை ஊர் கண்ணில் பட்டுவிட்டது:
குடியாத்தம், எங்கள் தெரு.

மாத்திரை டப்பாவில் அவள் கொண்டுவந்தாள்
அமிர்திப் பக்கம் பறித்த கொழுந்துகளை,
வனத்துறை அனுமதிச் சீட்டும் பத்திரமாய் மடித்து.
மெழுகேற்ற இரண்டு நாள்.
சூப்பர்வைசர் ஊரில் இல்லாத ஞாயிறு
கையால் சுற்றும் பழைய மெஷினில்
வெட்டிக் கொடுத்தேன்.
கத்திக்கு என்ன தெரியும்
இது ஆஸ்பத்திரிச் சதை இல்லை என்று.

லென்ஸுக்குக் கீழே
குருத்து நுனியில் ஒரு மேடு.
அதன் தோளில் கடுகை நூறாய் உடைத்தாற்போல்
இன்னொரு மேடு.
தொடக்கத்தில் இலை என்றால் அவ்வளவுதான்.

இதே மேடுதான்
காந்தளில் நுனி சுருண்டு பிடிகொம்பு தேடும்,
கள்ளியில் இலையாகாமலே முள்ளாகும்,
கோட்டைக்கு எதிரே காம்பவுண்டுச் சுவரில்
காகிதப்பூவாய்ச் சிவந்து
பூ நான்தான் என்று புளுகும்.
தௌலத் சொல்லச் சொல்ல
நான் ஸ்லைடை நகர்த்தினேன்.

கொஞ்சம் மூத்த இலை.
இரண்டு பக்கமும் எழும்புகின்றன.
நடு மட்டும்
நின்றுவிட்டது.

"அப்போ ஒத்தைதானே?"
"இப்போ ஒத்தை.
கோடி வருஷம் முன்னாடி ரெட்டையா இருந்து
ஒட்டிக்கிட்டிருக்கலாம். சண்டை இன்னும் முடியலை."
பச்சை இலை ஒன்றை விரித்துக் காட்டினாள்.
பிளவின் அடியில் ஒரு முடி,
கண் இமையில் பாதி நீளம்.
நடு நரம்பு நின்ற இடம்.

நான் வெட்டியவற்றில்
நிற்கத் தெரிந்த செல் எதுவுமில்லை
என்று நினைத்துக்கொண்டேன்.
அதுவும் சரியில்லை.
ஒவ்வொரு துண்டுக்கும் ஓரம் உண்டு.
அங்கே நல்ல திசு
தன் எல்லையில் சும்மா இருக்கும்.
டாக்டர்கள் குனிந்து தேடுவது அதைத்தான்.
ஓரம் சுத்தம் என்று எழுதினால்
வார்டில் யாரோ ஒருவர்
அன்றைக்குச் சோறு சாப்பிடுவார்.

குடியாத்தத்து நம்பருக்கு
என்ன எழுதினார்கள் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை, அதே மெஸ்.
இட்லி வருமுன்
பிளவில் விரல்வைத்துத் தேடினேன்.
காய்ந்ததில் அந்த முடி உதிர்ந்துபோயிருந்தது.
அந்த இடம் மட்டும்
லேசாய்ச் சொரசொரத்தது.

"இன்னும் ரெண்டு வைக்கவா?"
போதும் என்றேன்.
கேட்காமல் வைத்துவிட்டுப் போனான்.