முந்தைய எண், இப்போதைய எண்

ஆறாம் தேதி கடைத்தெரு, பின்சந்தோடு.
ஏழாம் தேதி கொங்சி வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி.
எட்டாம் தேதி தோட்டத்து லயங்கள்.
ஒன்பதாம் தேதி எப்படியும் மழை பெய்யும்.
அந்த நாளை
விடுபட்ட வீடுகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மீட்டர் பார்ப்பது என் வேலை.
இந்த ஊர்க்காரர்களை எனக்கு
யூனிட்டுகளாகத்தான் முதலில் தெரியும்,
முகம் பிறகு வரும்.

காக் ரொஸ்னாவின் நாசி லெமாக் கடை: நானூற்றுப் பன்னிரண்டு.
தேங்காய் துருவும் இயந்திரம்
விடிகாலை நாலுக்கே சுற்றத் தொடங்குகிறது.
"பசியாறிட்டியா?" என்று தமிழிலேயே கேட்பார்.
பதில் சொல்வதற்குள்
பையில் ஒரு பொட்டலம் விழுந்திருக்கும்.
போன மாதப் பட்டியலில் சம்பல் கசிந்து
மூன்று வீடுகளின் எண்கள்
இன்னும் சிவப்பாக இருக்கின்றன.

முடிவெட்டும் பரஞ்சோதி: அறுபத்தெட்டு.
ஒரு காற்றாடி, ஒரு குழல்விளக்கு, ஒரு ரேடியோ.
தீபாவளி மாதத்தில் மட்டும் எண்பதைத் தாண்டுவார்.

லோரி ஓட்டும் அமிர்தராஜ் வீட்டில்
ஏர்கோன் பகலில்தான் ஓடும்.
இரவெல்லாம் செம்பனைக் குலைகளை
ஆலைக்கு ஏற்றிப் போகிற மனுஷன்.
கதவில் அட்டை தொங்குகிறது:
"தூங்குகிறேன். கடன்காரர்கள் ஆறு மணிக்கு மேல் வரவும்."
நான் கடன்காரி இல்லை.
இருந்தாலும் நுனிக்காலில் நடந்து
எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிடுவேன்.

கொங்சியில் நேபாளத்துப் பையன்கள் பதினோரு பேர்,
ஒரே ஒரு அரிசிக் குக்கர்.
நான் எண்ணைச் சொன்னதும்
தில் பகதூர் அதைப் பதினொன்றால் வகுக்கிறான்.
மிஞ்சும் ஐந்து காசு யார் தலையில் என்று
மாதம் தவறாமல் சண்டை.
போன மாதம் நான் கொடுத்துப் பார்த்தேன்.
வாங்கிக்கொள்ளவில்லை, சண்டை முக்கியம் போல.

இனி பின்சந்து.

குணவதி வீட்டு மீட்டர்
மூன்று மாதமாக நகரவில்லை.
வயரை வெட்டியது எங்கள் ஆட்கள்,
அதற்கு முன் நோட்டீஸ் ஒட்டியது நான்.
பசை காயும்வரை அவள் வாசலில் நின்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.
இருட்டியிருக்க வேண்டிய வீட்டுக்குள்ளிருந்து
தையல் மெஷின் சத்தம்.
மிதிக்கிற சத்தமில்லை,
மோட்டார் சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம்
லியோங் பெங் சூனின் ஆணிக்கடை.
எத்தனை வருடமாகவோ தொண்ணூறு யூனிட்.
இப்போது நூற்று அறுபது.
ஆணிகள் மின்சாரம் குடிப்பதில்லை.

பப்பாளி மரத்தைச் சுற்றி
மஞ்சள் வயர் ஒன்று ஏறி இறங்கி
குணவதியின் சன்னலுக்குள் போகிறது.
சன்னலில் பள்ளிச் சீருடைகள்,
கையில்லாமல் ஆறு, காலரில்லாமல் இரண்டு.

"புது ஃப்ரிட்ஜ் வாங்கினேன்" என்றார் லியோங்,
நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.
"பெருசா?"
"ரொம்பப் பெருசு."
கடையில் ஃப்ரிட்ஜ் இல்லை.
மேசையில் வெதுவெதுப்பான சோயா டின் ஒன்று
அவர் பொய்க்குச் சாட்சி சொல்ல மறுத்தது.

எங்கள் படிவத்தில் ஒரு குறியீட்டுக் கட்டம் உண்டு.
ஏழு என்றால் கள்ள இணைப்பு.
நான்கு, பூட்டிய வீடு.
மூன்று, நாய், அருகில் போக முடியவில்லை.

மூன்று என்று எழுதினேன்.

"அங்கிள், உங்க கடையில நாய் இருக்குன்னு எழுதிட்டேன்."
அவர் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
எண்ணிக்கை தப்பிவிட்டது.
முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்த மாதம் ஆறாம் தேதி
மேலதிகாரி ஹஸ்மானும் கூட வந்தார்,
அந்த நாயைப் பார்க்க வேண்டுமாம்.
பஸ் நிலையத்திலிருந்து கடைவரை
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

கடை வாசலில்
செம்மண் நிறத்தில் ஒன்று, ஒரு காது மடங்கி,
புதுச் சங்கிலியோடு எழுந்து
ஹஸ்மானின் கால்சட்டையைக் குறிபார்த்துக் குரைத்தது.
அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்
எண்ணை மட்டும் கேட்டார்.
கத்திச் சொன்னேன்.
நூற்று எழுபத்தொன்று.

சங்கிலியை இழுத்துப் பிடித்தபடி
லியோங் அதட்டினார்:
"ச்சே! சும்மா இரு, ஃப்ரிட்ஜ்!"