மிக அரிதாக

மாத்திரைப் பெட்டிக்குள்
எட்டாய் மடித்த தாள் ஒன்று இருக்குமே,
பிரித்தால் மறுபடி மடிக்க வராத தாள்,
அதை எழுதுவது இப்போது நான்தான்.
அம்ஷ்லாங்காவில், பதினொன்றாம் மாடியில்,
கடலுக்கு முதுகு காட்டிய நாற்காலியில்.
ஆங்கிலம் ஒரு பக்கம், ஆஃப்ரிகான்ஸ் மறுபக்கம்.
தமிழில் வேண்டுமென்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

பதினேழு வருடம் வாயால் சொன்னதையெல்லாம்
மூன்று அளவுக்குள் அடக்கக் கற்றேன்:
அடிக்கடி. அரிதாக. மிக அரிதாக.
அடிக்கடி, வாந்தி, தலைச்சுற்று.
மிக அரிதாக, மரணம்.
அந்த வரிக்கு மட்டும்
எழுத்தைச் சிறிதாக்கச் சொல்வார் மேலாளர்.
மாட்டேன் என்பேன்.
இந்த வேலையில் மிஞ்சிய வீரம் அவ்வளவுதான்.

ஏன் விட்டாய் என்று கேட்காதவர் இல்லை.
சம்பளமா, இரவுப் பணியா, கத்திக்குத்துக் கேஸ்களா?
எல்லாம்தான். ஆனால் அன்று
விடியக்காலை நாலு மணிக்கு
மகன் போய்விட்டான் என்று நான் சொல்லி முடிக்குமுன்
ஒருத்தி என் கோட்டைப் பற்றிக்கொண்டு சரிந்தாள்.
அவள் தலைக்கு மேலே நான்
வீட்டில் பால் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
இருந்தது. அரை லிட்டர்.
நர்ஸ் நொக்குத்துலாதான் தரையில் உட்கார்ந்து
அவளோடு அழுதாள்.

எங்கள் செட்டில் நான் மட்டுமில்லை.
குபேந்திரன் காப்பீட்டுக் கம்பெனியில்
சிறுநீரகங்களுக்கு 'இல்லை' எழுதுகிறான்.
திரூஷா ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் விற்கிறாள்.
பிரகலாதன் ஷ்லுஷ்லுவே பக்கம் அன்னாசி போட்டிருக்கிறான்,
முள் குத்தினால் தானே பிடுங்கிக்கொள்வானாம்,
அதற்குமேல் வைத்தியம் கிடையாதாம்.
ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள்.
பேரை அல்ல, வேரை என்று திருத்துவார் அப்பா.
எந்தக் கணக்கானாலும்
மீதி அரையை என்ன செய்வதென்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஞாயிறு மாலை, சாட்ஸ்வொர்த்.
பக்கத்து வீட்டு கராஜில் துனிச் சீட்டு.
நாலாவது கை வரவில்லையென்று என்னைக் கூப்பிட்டார்கள்.
முனிசாமி அங்கிள் சீட்டைப் போட்டுக்கொண்டே
செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார்.
"டாக்டர், இதைக் கொஞ்சம் பாரேன்."
"நான் இப்போ டாக்டர் இல்லை, அங்கிள்."
"பின்னே?"
"மாத்திரை டப்பாவில் தாள் இருக்குமே, அது."
"அதுவா? நல்ல தாளாச்சே!"
குனிந்து மேசைக்கடியைக் காட்டினார்.
ஆடுகிற காலுக்கு அண்டக் கொடுத்து,
எட்டாய் மடித்தபடியே, பிரிபடாமல்,
என் சர்க்கரை மாத்திரைத் தாள்.
மேசை அசையவில்லை.
பதினேழு வருடத்தில் நான் நிறுத்திய நடுக்கங்களில்
இவ்வளவு சுத்தமாய் நின்றது வேறில்லை.

சிரித்துக்கொண்டே குனிந்தவள்
காலையும் பார்த்துவிட்டேன்.
சுண்டுவிரல் நுனி, கத்தரிக்காய் நிறம்.
ராஜினாமாக் கடிதத்தில்
கண்ணைச் சேர்க்க மறந்திருக்கிறேன்.
தொடவில்லை. வலிக்கிறதா என்று கேட்கவில்லை.
வலிக்காது. கெட்டதே அதுதான்.

ஜாக்கும் ஒன்பதும் கையில் இருந்தன,
துனி கேட்டிருக்கலாம்.
சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.
"நாளைக்கு அஞ்சரைக்கு ரெடியா இருங்க.
ஏழு மணிக்குப் போனா நம்பர் கிடைக்காது.
நான் கூட்டிப் போறேன்."
"டாக்டர் இல்லேன்னியே?"
"இல்லை. டிரைவர்."

முதல்முறையாக அந்தக் கேட்டுக்கு
வெளிப்பக்கம் நின்றேன்.
முன்னால் நாற்பது பேர், குளிர், யாரோ இருமினார்கள்.
அங்கிள் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார்.
மேசைக்கால் தழும்போடு.
எழுத்து பொடிசு என்று திட்டிக்கொண்டே
விளக்கடியில் பிடித்து
கடைசி வரிவரைக்கும் படித்தார்.
"மிக அரிதாகன்னா எத்தனை பேர்?"
"பத்தாயிரத்தில் ஒருத்தருக்கும் குறைவு."
"ம்."
வரிசை ஓரடி நகர்ந்தது.
"யாரு அவரு?" என்றார்.