நாற்பத்திரண்டாம் நாள்

பிடிஎம் லேஅவுட் அறையில்
குழாய் மூன்றாவது நாளாக இருமுகிறது.
டேங்கர் பத்து மணிக்கு என்கிறார்கள்,
எந்தப் பத்து மணி என்று சொல்வதில்லை.
அரை வாளியில் முகம் கழுவி
ஜாலஹள்ளி வந்து சேர்ந்தால்
ஆய்வகத்தில்
உப்பின் வாடைகூட அறியாத தண்ணீர்
பொத்தானை அழுத்தியதும் விழுகிறது.
அதில்தான் ஜெல் செய்கிறேன்.

நூற்றுக்குத் தொண்ணூறு தண்ணீர்.
மிச்சம், இறால் ஓட்டிலிருந்து எடுத்த தூள்,
கொஞ்சம் ஜெலட்டின்,
இரண்டையும் கைகோக்க வைக்க ஒரு துளி.
இறுகியதும் நுங்குபோல் தளும்பும்.
முதல் வருடக் கட்டுரையில் அப்படியே எழுதியிருந்தேன்.
நுங்குக்கு மேற்கோள் எங்கே என்று கேட்டார் வழிகாட்டி.

அதற்குள் மருந்து.
மருந்து என்பது மரியாதைக்குச் சொல்வது.
செக்கச் சிவப்பாக இருக்கும்.
கட்டியைக் கொல்லும், தலைமுடியைக் கொல்லும்,
அளவு மிஞ்சினால் இதயத்தைத் தொடும்.
ஐந்து வருடமாக நான் படிப்பது ஒரே பாடம்:
மெதுவாக விடுவது.

முதல் பதினோரு கலவைகளும் உளறுவாய்கள்.
முப்பத்தேழு டிகிரியில் இறக்கிய முதல் மணி நேரத்திலேயே
பாதிக்கு மேல் கொட்டிவிட்டு
மிச்ச நாளெல்லாம் சும்மா ஊறிக் கிடந்தன.
வெடிப்பு என்று பெயர் அதற்கு.
எனக்குத் தெரியாததா.
யஷ்வந்த்பூர் சிக்னலில், ஆட்டோவுக்குள்,
சுதன்வாவிடம் நான்கு வருடத்தைத்
தொண்ணூறு வினாடியில் சொல்லி முடித்தவள் நான்.
பச்சை விழுந்தது.
அவன் மீட்டரைப் பார்த்தான்.

பன்னிரண்டாவதில் முடிச்சுகளைக் கூட்டினேன்.
அது வாயே திறக்கவில்லை.

பத்தொன்பதாவதுக்குத்தான்
எப்போது, எவ்வளவு என்று தெரிந்திருந்தது.
இரவு இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து
ஒரு மில்லி எடுப்பேன்,
எடுத்த இடத்தில் ஒரு மில்லி புதிதாக ஊற்றுவேன்,
இன்னும் உடம்புக்குள்தான் இருக்கிறோம் என்று
அது நம்பிக்கொண்டிருக்க.
ஒரு முறை மின்சாரம் போய்
முப்பத்து மூன்றுக்கு இறங்கிவிட்டது.
வரைபடத்தில் அந்த இரவு மட்டும்
சிறு பள்ளமாக இன்னும் இருக்கிறது.

விலங்குக் கூடத்தில் நஞ்சுண்டா.
இருபத்தாறு வயது, எப்போதும் ஒரு காதில் கிரிக்கெட்.
பெயரைக் கேட்ட அன்று சிரித்துவிட்டேன்.
விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை,
தொண்டையிலேயே வைத்துக்கொண்டவன் பெயர்.
ஒரு சொட்டும் வெளியே விடவில்லை.
எங்கள் கணக்கில் அதுவும் தோல்விதான்
என்று அவனிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் தோலுக்கடியில்
பச்சைப்பயறு அளவு இருந்தது.
நான்காம் வாரம் வெந்த ஜவ்வரிசி.
இன்று இருபத்து மூன்றாம் எண் எலி.
வாயுவில் தூங்க வைத்தது நாங்கள்தான்,
அதற்கும் ஒரு படிவம் உண்டு, நிரப்பினேன்.
திறந்தால்
தையல் தழும்பு மட்டும்.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தோம்.
எல்லி ஹோய்த்து மேடம், என்றான் நஞ்சுண்டா
ஸ்கோரை நிறுத்திவிட்டு.
சர்க்கரையாக, தண்ணீராக, மூச்சாக,
இதற்குள்ளேயே எங்கோ.

குறிப்பேட்டில் எழுதினேன்: காணவில்லை.
மெட்ரோ தூணில் முகத்தின் கீழ் ஒட்டும் அதே சொல்.
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
வழிகாட்டிக்குப் படம் அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று வந்தது.

மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போது
நினைவு வந்தது, இது ஏரியாக இருந்த இடம்.
அதை யாரும் எந்தக் குறிப்பேட்டிலும்
வெற்றி என்று எழுதியிருக்க மாட்டார்கள்.
எழுதியும் இருக்கலாம்.

அறைக்கு வந்தபோது
எந்தப் பத்து மணியிலோ டேங்கர் வந்து போயிருந்தது.
குழாயை இறுக்கினேன், நிற்கவில்லை.
படுத்தபடி எண்ணினேன்.
நிமிடத்துக்குப் பதினாறு சொட்டு.
அடுத்த நிமிடமும் பதினாறு.
அதற்கடுத்ததும்.

பொறாமையில்
தூக்கம் வரவில்லை.