பதினேழு நாள் கணக்கு

சிகரெட் பெட்டியைக் கிழித்து
உட்புறத்தில் பத்மசீலன் எழுதித் தந்தது:
சிவப்பு பஸ்ஸுக்கு மாதச் சீசன் எடுத்தால்
பதினேழு நாள் போய்வரும் காசு.
பதினெட்டாம் நாளிலிருந்து சும்மா.
ரயில் சீசன் இன்னும் மலிவுதான்,
ஆனால் மாத்தளை ரயிலுக்கு
ஆஸ்பத்திரியின் பன்னிரண்டு மணி தெரியாது.
பிரைவேட் பஸ் நினைத்த நேரம் வரும்;
சீசனைக் காட்டினால்
கண்டக்டர் வானத்தைப் பார்ப்பான்.

"ஒனக்கு எத்தன நாளுடா?
அதச் சொல்லு, மிச்சத்த நான் சொல்றேன்."
கட்டுகஸ்தோட்டை இரும்புக் கடையில்
யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டான்.

எத்தனை நாள்?

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பவள்
ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம்.
ஆயிரத்து எண்ணூறு வந்தால்
கொண்டுபோகலாம் என்றார் மிஸ்ஸி.
நாளைக்கு இருபது கிராம் ஏறும்,
ஏறினால்.

எனக்கு நிறுவை புதிதில்லை.
கொழுந்து மடுவத்தில் எட்டு வருஷம் தராசு பிடித்தவன்.
பதினெட்டு கிலோவுக்கு ஒன்று குறைந்தாலும்
அரைப்பேர் போட்டது இந்தக் கைதான்.
கோகிலவாணிக்கே ஒருநாள் போட்டேன்.
இரண்டு நாள் சோற்றை வைத்தாள், பேசவில்லை.
இப்போது பெட்டியில் ஒட்டிய துண்டில்
'கோகிலவாணியின் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது.
அதுவும் அரைப்பேர்.

நானூற்று அறுபதை இருபதால் பிரித்தால்
இருபத்து மூன்று நாள்.
கணக்கு சுத்தம். சீசன்தான்.

ஆனால் அவள் தாய்மார் அறைக் கட்டிலில்
"பத்து நாள்ல போயிருவோம்ங்க" என்கிறாள்,
துவாயை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மடிக்கிறாள்.
அவளிடம் போய்
ஒரு மாசத்துக்குச் சீட்டு எடுத்தேன் என்று
எந்த வாயால் சொல்வது?
நாள் டிக்கெட் விலை கூட.
இருந்தாலும் ஒவ்வொரு காலையும் வாங்கும்போது
இதுதான் கடைசி என்று
நினைத்துக்கொள்ள இடம் தருகிறது.
அந்த நினைப்புக்கும் சேர்த்துத்தான் காசு
என்று ஆறு நாள் கொடுத்தேன்.

ஏழாம் நாள் குட்செட் ஸ்டாண்டில் வரிசை.
எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார ஜோடி,
படத்தை விரித்துக் கேட்கிறார்கள்:
மூன்று நாள், எல்லாம் பார்க்க வேண்டும்,
எந்தச் சீட்டு நல்லது?
அப்படியொன்று இல்லை என்று
உள்ளேயிருந்தவர் தலையாட்டினார்.
மூன்று நாள். எல்லாம்.
கொடுத்துவைத்த கேள்வி.

நேற்றுப் பின்னேரம்
பக்கத்துப் பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது.
எனக்கு முந்தியே வந்து
வாசலில் சப்பாத்தை ஜோடி பிசகாமல் கழற்றிவைக்கிற
அந்த மாவனல்லைக்காரர்.
நேற்று சப்பாத்து இல்லை.
மிஸ்ஸியிடம் கேட்கவில்லை நான்.
அவரும் நாள் டிக்கெட்காரர்தான்;
நாங்கள் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம்,
அரைகுறைச் சிங்களத்தில்,
எது லாபம் என்று.

நாள் டிக்கெட்
அந்தப் பக்கமும் வெட்டும்.
அதைப் பத்மசீலன் எழுதவில்லை.

"தவஸ் கீயக்த?"
என் முறை.

ஒரு மாசம் என்றேன்.
தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.
கூடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பொடியன் சிரித்தான்.
முப்பது நாளும் போய்ப் பார்க்க
எனக்கு ஆள் இருக்கிறது, தம்பி.
முப்பது நாளும் ஆள் இருக்க வேண்டும்.

படம் ஒட்டி, பெயர் எழுதி,
சீல் குத்தித் தந்தார்.
மை காயும்வரை ஊதிக்கொண்டு வெளியே வந்தால்
சிவப்பு பஸ் இல்லை.
பதினொன்று நாற்பது.
பதினொன்று நாற்பத்தைந்து.
பேராதனை, பேராதனை என்று
கத்திக்கொண்டு நகர்ந்தது ஒரு பிரைவேட்.
மிதிபலகையில் ஒற்றைக் காலோடு தொங்கி,
சட்டைப்பையில் சீசன் இருக்க,
சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

இரவு பத்மசீலனின் அட்டையில்
பதினேழை வெட்டிவிட்டு எழுத வேண்டும்:
பதினெட்டு.